நாலாகப் பிரிக்காத கேடயம்

சிட்னியில், பென்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் ஒரு நூலகம். சனிக்கிழமை காலைகளில் அங்கே ஜன்னலோரமாக இரண்டு மேசைகள் போட்டிருப்பார்கள். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. இரண்டு பேரும் ஜே.பி., அதாவது சமாதான நீதவான்கள். கோட்டுப் போட வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. பாஸ்போர்ட்டையோ பட்டச் சான்றிதழையோ போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கு, அசலோடு ஒப்பிட்டு 'சரியான பிரதி' என்று எழுதிச் சீல் குத்திக் கொடுக்க வேண்டும். சத்தியக் கடதாசி கொண்டுவருபவர் எங்கள் முன்னால் கையெழுத்து வைத்தால் அதற்கு நாங்கள் சாட்சி. இவ்வளவுதான் வேலை. நான் ஆளுக்கு நாலு நிமிடத்தில் முடித்துவிடுவேன். அவர் ஆளுக்கு அரை மணித்தியாலம் எடுப்பார்.

வாரநாட்களில் நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். தொழில் நேரத்தில் என் பொறுமை முழுவதும் செலவாகிவிடும், சனிக்கிழமைக்கு மிச்சம் இருக்காது. அதனால் அவருடைய வரிசையைப் பார்க்கவே எனக்கு எரிச்சல் வரும். விஷயம் தெரிந்தவர்கள் போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு மெல்ல என் வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். தெரியாதவர்கள் அவரிடம் மாட்டுப்படுவார்கள்.

குட்டையான பெண்மணி. நெற்றியில் சின்னப் பொட்டு, கார்டிகன், காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. கையில் எப்போதும் ஒரு மர அடிமட்டம். கடதாசியை மேசையில் விரித்து, முதல் வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து வாசிப்பார். பிறகு ஒரு வரி கீழே இறக்குவார். பன்னிரண்டு பக்கமென்றால் பன்னிரண்டு பக்கமும் அப்படித்தான். நடுவில் நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலால் ஆளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அவருடைய பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால், 'என்னத்துக்கு?' என்பதுதான் அவரது முதல் கேள்வியாக இருக்கும். நான் அன்ரி என்று கூப்பிட்டேன், அதுவே போதும்.

ஒருநாள் ஒரு பையன், சிவப்புச் சிக்னலில் போனது தன் கார்தான், ஆனால் ஓட்டியது தன் மச்சான் என்று ஒரு சத்தியக் கடதாசியோடு வந்தான். அன்ரி வாசித்துவிட்டு, "மச்சான் இப்ப எங்கை?" என்றார்.

"ஊருக்குப் போயிட்டார், அன்ரி."

"எப்ப போனவர்?"

"போன மாசம்."

"சிக்னல்ல போனது இந்த மாசமெல்லோ?"

பையன் கடதாசியை மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் சொன்னேன், "அன்ரி, எழுதினது உண்மையோ பொய்யோ எண்டு பாக்கிறது எங்கட வேலையில்லை. கையெழுத்துக்குத்தான் நாங்கள் சாட்சி."

"பொய்க்குச் சீல் குத்துறதும் எங்கட வேலையில்லைத் தம்பி," என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் அதட்டிக் கேட்பவர் அல்ல. உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டுக் கேட்பவர். மிளகாய்த்தூள் பக்கெற்றின் பின்பக்கத்தையும் முழுக்க வாசிப்பார். கோயில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பட்டியலை வாசித்துவிட்டு, போன வருடம் இருந்த ஒருவர் இந்த வருடம் ஏன் இல்லை என்று ஐயரிடமே விசாரிப்பார். ஊரில் அவர் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர். ஒருமுறை தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "பிள்ளைப்பேறு பதிய வாறவைக்கு எல்லாம் நினைவிருக்கும். எத்தினை மணி, எத்தினை நிமிசம், மழையோ வெய்யிலோ எண்டு வரைக்கும் சொல்லுவினம். சாவு பதிய வாறவைக்குத்தான் ஒண்டும் நினைவிருக்காது. கேட்டாத்தான் வரும். மெல்ல மெல்லக் கேக்கோணும்."

மெரிலேண்ட்ஸில் எங்கள் ஆள் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தோம். செங்கல் வீடு. வாசல் கேற்றின் இரண்டு தூண்களிலும் சீமெந்தில் ஒவ்வொரு சிங்கம், வாயைப் பிளந்தபடி. எல்லோரும் சிங்கத்தைக் கடந்து உள்ளே போய்ப் பலகாரம் சாப்பிட்டோம். அன்ரி மட்டும் கேற்றடியிலேயே நின்றார். வீட்டுக்காரர் வந்து, "உள்ளுக்கு வாங்கோ அன்ரி," என்றார்.

"வாறன். உந்தச் சிங்கம் ரெண்டையும் உமக்கு ஆர் தந்தது?"

"தரேல்லை அன்ரி. வீடு வாங்கேக்கையே இருந்தது."

"அப்ப முன்னம் இருந்தவைக்கு ஆர் குடுத்தது? சிங்கத்தை வைக்கிறதெண்டா ஒரு காரணம் இருக்கோணுமெல்லோ. யாழ்ப்பாணத்தான் வீட்டு வாசலில என்ன காரணத்துக்கு நிக்குது?"

அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை, காரணம் அறியத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் இலங்கைக் கொடியிலுள்ள சிங்கத்தை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த மாதம் அந்த வழியால் போனபோது பார்த்தேன். இரண்டு சிங்கத்துக்கும் மேல் பூச்சாடி ஏறியிருந்தது.

அவருடைய ஒரே மகள் மெல்பேர்னில் பிசியோதெரபிஸ்ட். அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பையனை விரும்பிக் கட்டினாள். மாப்பிள்ளையின் தகப்பன், இளைப்பாறிய மிருக வைத்தியர், உயரமான, அமைதியான மனிதர். சம்பந்தி வீட்டுக்கு முதன்முதல் போன அன்ரி, சாப்பாட்டறைச் சுவரில் ஒரு கேடயத்தைக் கண்டிருக்கிறார். பச்சை நிலம், குறுக்கே வெள்ளைப் பட்டை, மேலே ஒரு கழுகுத் தலை, கீழே இரண்டு சாவிகள். அவர்களுடைய குடும்பச் சின்னமாம். சம்பந்தியின் பாட்டனாருக்கு லண்டனில் முறைப்படி வழங்கியது. அதே சின்னம் கரண்டிகளிலும் இருந்ததாம்.

"நான் கேட்டன், உந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு எண்டு," என்று அடுத்த சனிக்கிழமை எனக்குச் சொன்னார். "அந்த மனுசனுக்குத் தெரியேல்லை. அறுபது வருசமா உதுக்குக் கீழ இருந்து சாப்பிட்டிருக்குது. ஒருக்காக்கூடக் கேக்கேல்லையாம்."

"நீங்கள் போனது சம்பந்தம் கொண்டாடவோ, விசாரணை செய்யவோ?"

"ரெண்டும் ஒண்டுதானே," என்றார்.

பத்து நாள் கழித்துச் சம்பந்தி பென்டில் ஹில்லில் அன்ரியின் வீட்டுக்குப் போன் எடுத்தார். பரணில் கிடந்த பழைய கடிதங்களைத் துழாவிப் பார்த்தாராம். ஏதோ நகரத்தின் கோட்டைச் சாவி என்று குடும்பத்தில் மற்றவர்கள் நினைத்திருந்தது சிறைச்சாலைச் சாவியாம். பாட்டனாரின் தகப்பன் ஜெயில் காவலாளியாக இருந்தவராம். மனிதர் வெட்கப்படவில்லை. தன் வீட்டுக் கதையைத் தனக்கே எடுத்துத் தந்த சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல்லத்தான் போன் எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் வாரம் ஒரு தடவை போனில் கதைத்தார்கள். அன்ரியின் கேள்விகளைத் தாங்கக்கூடிய ஆளை நான் கண்டது அவர் ஒருவரைத்தான்.

மகள் பிள்ளைத்தாச்சியானபோது, இரண்டு குடும்பத்துப் பேரையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது சம்பந்திதான். பேரைச் சேர்ப்பதென்றால் சின்னத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அன்ரியின் பக்கத்துக்குச் சின்னம் கிடையாது. அதற்கென்ன, புதிதாக ஒன்று கேட்டு வாங்கலாம், இறந்துபோன கணவரின் பேரிலும் மனைவி விண்ணப்பிக்கலாம், செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். இந்த நாட்டில் அதற்கென்று ஒரு அரசாங்கக் கந்தோர் இல்லை, லண்டனுக்குத்தான் எழுத வேண்டும். எழுதிக் கொடுக்க மெல்பேர்னில் ஒரு ஆலோசகர் இருந்தார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று இருந்ததில்லை. அப்பாவின் பேர்தான் எனக்கு முன்னால் நிற்கும், என் பேர் என் பிள்ளைக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அப்பாவின் பேர் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இங்கே வந்து போர்ம் நிரப்பும்போது அகப்பட்ட பேரைக் குடும்பப் பேர் ஆக்கிக்கொண்டோம். அன்ரியின் மகளுடைய குடும்பப் பேர் என்பது அவளுடைய அப்பாவின் சொந்தப் பேர். அவர் சிட்னிக்கு வந்து இரண்டாவது வருடம் இருதய வருத்தத்தில் இறந்துவிட்டார். அந்தப் பேர் தன்னோடு நின்றுவிடக் கூடாது என்பது மகளின் ஆசை.

அடுத்த ஏழெட்டுச் சனிக்கிழமைகளும் எனக்குக் கேடயப் பாடம் நடந்தது. என் வாழ்க்கையில் எனக்குச் சற்றும் தேவைப்படாத விஷயம், ஆனால் அவர் சொல்லும்போது கேட்காமல் இருக்க முடியாது. கேடயத்தில் என்ன வரைவது என்று சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கிறார். கனடாவிலிருக்கும் தம்பி யானை வேண்டும் என்றாராம். லண்டனிலிருக்கும் மச்சாள் நந்தி என்றாராம்.

"யானை எங்கட ஆரிட்டை இருந்தது? எங்கட வீட்டில ஒரு பூனைதான் இருந்தது, அதுவும் பக்கத்து வீட்டுக்காரற்றை," என்றார்.

கணவர் உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். கடைசியில் அன்ரி கேட்டது மூன்று உப்புக் குவியல். நீல நிலத்தில் மூன்று வெள்ளை முக்கோணம். ஓவியர் வரைந்து அனுப்பிய படத்தை நூலகத்துப் பிரின்ரரில் எடுத்து, அதற்கும் அடிமட்டம் வைத்துப் பார்த்தார். பிறகு ஓவியருக்கு ஒரு கேள்வி எழுதினார். இந்தக் குவியல்கள் மழைக்குத் தென்னோலைக் கிடுகால் மூடியவையா, மூடாதவையா? அந்த ஆங்கிலேய ஓவியர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. மூடாதவை என்று இரண்டு நாளில் பதில் வந்தது. "சரி, அப்ப அள்ளுற காலம். வெய்யில் காலம்," என்று திருப்தியோடு மடித்து வைத்தார். படத்தில் அந்த மூன்று முக்கோணங்களையும் பார்த்தபோது எனக்கே கண் கூசியது போலிருந்தது. அவ்வளவு வெள்ளை.

இரண்டு சின்னத்தை எப்படிச் சேர்ப்பார்கள் என்பதை முட்டை சான்ட்விச்சில் விளக்கினார். முதலில் கத்தியால் நடுவே ஒரு வெட்டு.

"இது ஒரு முறை. இடப்பக்கம் புருசன்ர, வலப்பக்கம் பெண்சாதியின்ர. ரெண்டும் ஒரு கேடயத்தில பக்கத்தில பக்கத்தில நிக்கும். ஆனா அவை ரெண்டு பேரும் வாழுற மட்டுந்தான். பிள்ளையளுக்குத் தகப்பன்ர பக்கம் மட்டுந்தான் போகும்."

பிறகு குறுக்கே இன்னொரு வெட்டு. நாலு துண்டு.

"இது மற்ற முறை. நாலாப் பிரிச்சு, மாறி மாறி வைக்கிறது. இது பிள்ளைக்கும் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும். அழியாது."

"அப்ப நாலாத்தானே வெட்டோணும்," என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"ஓம். மகளும் அதைத்தான் கேக்கிறாள்," என்றார். அந்த நாலாகப் பிரிக்கும் முறைக்கு ஒரு நிபந்தனை இருப்பது அப்போது அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

ஒரு சனிக்கிழமை மகள் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தாள். ஆறு மாத வயிறு. தாயின் மேசைக்கு நேரே வந்து, ஆலோசகர் தயாரித்துக் கொடுத்த சத்தியக் கடதாசியை வைத்தாள்.

"அம்மா, இதில சைன் வைச்சா எல்லாம் முடிஞ்சுது. லண்டனுக்கு அனுப்பலாம். அங்கிள் விட்னஸா சைன் பண்ணுவார்." எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அங்கிள் ஆகிவிட்டிருந்தேன்.

அன்ரி அடிமட்டத்தை எடுத்தார். முதலாம் பந்தி அவருடைய பேர், முகவரி, தொழில். இரண்டாம் பந்தி கணவர் இறந்த விபரம், மரணச் சான்றிதழ் இணைப்பு. மூன்றாம் பந்தியில் அடிமட்டம் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'எங்கள் ஒரே மகன் மணமாகாமலும் பிள்ளைகள் இல்லாமலும் இறந்துவிட்டார்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. திகதிக்கு இடம் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அதுதான் நிபந்தனை. தகப்பனுக்கு மகன் இல்லாவிட்டால்தான், அல்லது மகன் வாரிசில்லாமல் இறந்துபோயிருந்தால்தான், மகள் வழியாகத் தகப்பனின் சின்னம் பேரப்பிள்ளைக்குப் போகும். மகன் இருந்தால் அது மகனுடையது, அவன் பிள்ளைகளுடையது.

அவருக்கு ஒரு மகன் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். ஊர் உலகத்தையெல்லாம் விசாரித்த மனிதரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"உதை ஆர் எழுதினது?" என்றார் அன்ரி.

"அட்வைசர்தான் எழுதினவர். டீற்றெயில் கேட்டவர், நான் சொன்னனான்."

"நீ என்னெண்டு சொன்னனீ?"

"அம்மா, ப்ளீஸ்."

"திகதி போடேல்லையே. என்ன திகதி போடுறது?"

"அப்ராக்சிமேட் எண்டு போடலாமாம். அந்த மாசத்தைப் போட்டாக் காணும்."

"கண்டது ஆர்? பதிஞ்சது எந்தக் கந்தோரில? சேர்ட்டிபிக்கேற் நம்பர் என்ன?"

குரலை உயர்த்தவில்லை. அந்தச் சிக்னல் பையனிடம் கேட்ட அதே குரல்தான். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்ரி கடதாசியை உறைக்குள் வைத்து, உறையைக் கைப்பைக்குள் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கும் அரை மணித்தியாலம் எடுத்தார்.

அன்று பின்னேரம் மகள் எனக்குப் போன் எடுத்துச் சொல்லித்தான் விஷயம் முழுவதும் தெரியும். ஊரில் கடைசிச் சண்டைக் காலத்தில் பங்கருக்குள் தகப்பன் காய்ச்சலோடு கிடந்திருக்கிறார். பத்தொன்பது வயது மகன் குடிதண்ணீர் எடுக்கப் பிளாஸ்டிக் கானோடு போனவன், திரும்பவில்லை. ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டேன் என்று பிறகு முகாமில் ஒருவர் சொன்னார். அது வேறு பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார்.

"எனக்கும் அவன் அண்ணாதானே, அங்கிள்," என்றாள். "அப்பிடி எழுதுறது எனக்கு விருப்பமோ? ஆனா பத்து வருசமாச்சு. அப்பான்ர பேர் என்ர பிள்ளையோட போகோணும். அம்மா இல்லாத ஒருத்தனுக்காக இருக்கிற எங்களை விடுறா. நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

சொல்லிப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அன்ரி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். உறை மேசையில் இருந்தது. நான் கதிரையில் இருந்து, கார் பழக்க வருகிறவர்களுக்குச் சொல்வது போல, பதறாமல் நிதானமாகச் சொன்னேன்: "அன்ரி, இது ஒரு கடதாசிதானே. லண்டனில ஆரோ பைலில போட்டு வைக்கப்போகினம். நீங்கள் மனசில நினைக்கிறதை இது மாத்தப்போறதில்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"கடதாசிதானே எண்டு நீர் எனக்குச் சொல்லுறீரோ தம்பி? இந்தக் கையால எத்தினை சாவு பதிஞ்சிருக்கிறன் தெரியுமே உமக்கு? செத்த வீடு முடிஞ்சு, எட்டாம் நாள் சடங்கு முடிஞ்சு வந்து நிப்பினம். அதுவரைக்கும் 'அவர் சொல்லுறவர், அவர் சாப்பிடுறவர்' எண்டுதான் கதைப்பினம். நான் எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கினாப் பிறகுதான் 'அவர் இருந்தவர்' எண்டு கதை மாறும். என்ர மேசையிலதான் ஆக்கள் சாகிறவை. நான் கண்டனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "போட்டு வாறன் அன்ரி," என்று எழும்பினேன். வாசல் வரை வந்தவர், "நீர் நல்லதுக்குத்தான் சொன்னனீர்," என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. என் மேசைக்கு மட்டும் ஒரே வரிசை, நாலு நிமிடத்துக்கு ஒருவர். பதினொன்றரைக்கே எல்லோரும் முடிந்து போனார்கள். மிச்ச நேரம் முழுவதும் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி அவருக்குப் போன் எடுத்ததாகவும், அன்ரி அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டதாகவும் மகள் சொன்னாள். 'மகன் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத தாய்க்கு உங்கள் விதிகளில் என்ன இருக்கிறது?' சம்பந்தி ஆலோசகரிடம் கேட்டிருக்கிறார். ஆலோசகர் லண்டனுக்கு எழுதியிருக்கிறார். தாய் எதைச் சத்தியம் செய்கிறாரோ அதையே எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்ததாம். அவ்வளவு பெரிய பழைய கந்தோரும் கடைசியில் அவருடைய கையெழுத்துக்குத்தான் காத்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். தன் மேசைக்குப் போகவில்லை. என் வரிசையில் நாலாவது ஆளாக, கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் மகள். முதல் நாளிரவு அவள் சிட்னிக்கு வந்திருந்தாள். தாயும் மகளும் காரில் ஒரு வார்த்தையும் கதைத்திருக்கமாட்டார்கள் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. அவர்கள் முறை வரும்வரை முன்னால் நின்ற மூன்று பேருக்கும் என்ன செய்து கொடுத்தேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை.

அன்ரி உறையைத் திறந்து கடதாசியை என் முன்னால் விரித்தார். மூன்றாம் பந்தியை அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு போட்டு வெட்டியிருந்தார். ஓரத்தில் சுருக்கொப்பம். கீழே, கந்தோர்க் கிளாக்கின் உருண்டை எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்:

'எனக்கும் என் கணவருக்கும் ஒரு மகன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நான் அறியேன். அவர் இறந்ததற்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. மணமானவரா என்பதும், பிள்ளைகள் உண்டா என்பதும் எனக்குத் தெரியாது. என் கணவரின் பேரில் வழங்கும் சின்னம் முறைப்படி அவருக்கே உரியது. என் மகளுடைய கேடயத்தை இரண்டாகப் பிரித்து வரையும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

அதற்குக் கீழே மகனின் முழுப் பேர். பிறந்த திகதி, பிறந்த நேரம், நிமிடம் உட்பட. தொழில் என்ற இடத்தில் 'மாணவர்'. தற்போதைய முகவரி என்ற இடத்தில் பென்டில் ஹில், அவருடைய வீட்டு இலக்கம், தெருப் பேர்.

நான் வாசிக்கும்போது மகளும் தாயின் தோளுக்கு மேலால் வாசித்தாள். அவள் இதை அப்போதுதான் முதன்முதல் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவள் பிள்ளைக்கு உப்புக் குவியல் இல்லை. அழியாத முறை இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடதாசியையே பார்த்துக்கொண்டு, சாட்சி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இதில் எழுதியது எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்கிறீர்களா?

"ஓம். எல்லாம் உண்மை," என்றார் அன்ரி. கையெழுத்து வைத்தார்.

நான் பேனையை எடுக்க முதல், பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மகள் குனிந்து, வயிறு மேசையில் முட்ட, கடதாசியைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள்.

"போஸ்ட்கோட் எழுதேல்லை, அம்மா," என்றாள்.

என் பேனையை வாங்கி, அண்ணனின் முகவரிக்குப் பக்கத்தில் அந்த நாலு இலக்கத்தையும் எழுதினாள். சேர்த்து எழுதிய இடத்தில் சத்தியம் செய்தவரும் சாட்சியும் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பது விதி. அன்ரி இட்டார். நானும் இட்டேன்.